தம்பிக்காக அம்மா எடுத்த வசனம்

எங்கள் சபையில் புதுவருஷ ஆராதனை முடிந்ததும் ஒரு எவர்சில்வர் தட்டு சுற்றி வரும். அதில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்துப் போட்டிருப்பார்கள். ஓரத்தில் ரோஜாப்பூ, நடுவில் ஒரு வசனம். கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். கையில் வந்த வசனம் அந்த வருஷம் முழுக்க ஆண்டவர் நமக்குக் கொடுத்த வாக்கு. பயமுறுத்துகிற வசனம் எதுவும் அந்தத் தட்டில் இருக்காது. அச்சடிக்கிறவர்களே அதையெல்லாம் ஒதுக்கிவிடுவார்கள். எல்லாமே சர்க்கரைப் பொங்கல்தான். ஆனாலும் எடுத்த அட்டை மனசுக்குப் பிடிக்காமல், யாரும் பார்க்காதபோது திருப்பிப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷம் அம்மா இரண்டு அட்டை எடுத்தாள். ஒன்று அவளுக்கு. இன்னொன்று, எழுந்து வரிசைக்கு வர முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த என் தம்பிக்கு. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என்னிடம் நீட்டினாள். சாகாமல் பிழைத்திருந்து கர்த்தர் செய்ததைச் சொல்லுவேன் என்கிற சங்கீத வசனம். நான் வாசித்து முடிப்பதற்குள் அம்மா தரையில் மண்டிபோட்டுவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் "அல்லேலூயா" என்றார்கள். பாஸ்டர் மைக்கை வாங்கி எல்லாருக்கும் சொன்னார். சபையே கைதட்டியது. தம்பி மட்டும் வீங்கிய தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் போயிருந்தது. ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையில் காண்டிராக்ட் வேலை, சூளைப் பக்கம். பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் முகம் வீங்க ஆரம்பித்தது. கல்யாணக் களை என்று நானே கேலி பண்ணினேன். அம்மாவின் சிறுநீரகம் வயதானதால் ஆகாது என்றுவிட்டார்கள். எனக்குச் சர்க்கரை. அதனால் ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற மிஷின்தான் கதி என்றாயிற்று. வாரத்தில் இரண்டு மூன்று நாள் ரெட்டிபாளையத்திலிருந்து அரியலூர் வந்து, அங்கே பஸ் மாறிப் பெரம்பலூர் வருவான். நான் பெரம்பலூரில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். அவன் வருகிற நாளில் கடையைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவேன். ஜாக்கெட் கேட்டு வருகிறவர்கள் திட்டுவார்கள். திட்டட்டும்.

மிஷினில் படுத்தால் லேசில் எழுந்திருக்க முடியாது. ஒரு கை அசைக்கக் கூடாது. பக்கத்துக் கட்டிலில் யாராவது முனகிக்கொண்டிருப்பார்கள். அம்மா எங்கள் வீட்டு பைபிளை என்னிடம் கொடுத்து, இன்ன இன்ன இடத்தை அவனுக்கு வாசி என்று சொல்லியிருந்தாள். அட்டையில் இருக்கிற வசனம், அதற்குப் பிறகு இன்னும் சில சங்கீதங்கள், ஏசாயாவில் ஒன்றிரண்டு. அந்தப் பக்கங்களை அடையாளம் வைக்கவே வேண்டாம். விரல் எண்ணெய் பட்டுக் கறுத்து, தானாகத் திறந்துகொள்ளும். மற்றப் பக்கங்கள் கடையில் வாங்கியபடியே இருந்தன. சில பக்கங்கள் பிரியாமல் ஒட்டிக்கொண்டே கிடந்தன. மூன்று தலைமுறையாக வேதக்காரர்கள் என்று பெயர். வேதத்தில் நாங்கள் குடியிருந்தது நாலைந்து பக்கத்தில்தான்.

தம்பிக்கு ஒரு நாள் அலுத்துவிட்டது.

"அக்கா, இதையே எத்தனை தடவ படிப்ப? எனக்கே மனப்பாடமாயிருச்சு. மொதல்லேர்ந்து படியேன்."

"மொதல்லேர்ந்தா? எப்ப முடியுறது அது?"

"எனக்கு என்னா வேலை கெடக்கு? நீ படி."

போனிலேயே கேட்கலாம், ஒருத்தர் அழகாக வாசிக்கிறார் என்றேன். போட்டும் காட்டினேன். நியூஸ் படிக்கிற ஆள் மாதிரி இருக்கிறது, வேண்டாம் என்றான். அதனால் நானே வாசித்தேன். சத்தமாக வாசித்தால் நர்ஸ் கோபிப்பாள் என்று அவன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, ஸ்டூலை ஒட்டிப் போட்டுக்கொண்டு.

ஆதியிலேயே எனக்கு ஒரு சந்தோஷம் கிடைத்தது. ஆதாமும் ஏவாளும் தப்புப் பண்ணி ஒளிந்த பிறகு, ஆண்டவர் அவர்களைத் தேடி வருகிறார், கண்டிக்கிறார், வெளியே அனுப்பப் போகிறார். அனுப்பும் முன்னால் அவர்களுக்குத் தோலில் உடுப்பு செய்து உடுத்திவிடுகிறார். இத்தனை வருஷம் கோயிலுக்குப் போயும் எனக்கு இது தெரியாது. "பாத்தியாடா, ஆண்டவரே டெய்லருதான்" என்றேன். "அளவு சரியா இருந்துச்சாமா?" என்றான் அவன். பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

ஆபிரகாமுக்கு வந்தோம். தேசத்தையே உனக்குத் தருவேன் என்று வாக்குக் கொடுத்தார். கடைசியில் ஆபிரகாம் சாகும்போது அந்தத் தேசத்தில் அவனுக்குச் சொந்தமாக இருந்தது, பெண்டாட்டியைப் புதைக்க வாங்கிய நிலம்தான். தம்பி அதைத் திரும்ப வாசிக்கச் சொன்னான். மோசேயும் அப்படித்தான். அவ்வளவு ஜனத்தையும் நடத்திக்கொண்டு வந்து, மலையில் நின்று தூரத்திலேயே பார்த்துவிட்டுக் கண்ணை மூடினான்.

நடுவில் ஆசரிப்புக் கூடாரம் வந்தது. திரை எத்தனை, அகலம் எவ்வளவு, எந்த நூல், எங்கே காது, எங்கே கொக்கி. தம்பி தூங்கிவிட்டான். நான் மட்டும் ஒரு வரி விடாமல் வாசித்தேன். என் தொழில் அல்லவா. அவன் விழித்ததும், "இம்மாந் துணி எதுக்கு?" என்று கேட்டான்.

"அவரு குடியிருக்க. ஜனங்க கூடாரத்துல இருக்காங்கல்ல, அதனால அவருக்கும் நடுவுல ஒரு கூடாரம்."

"அப்ப அவரு வூட்ட வுட்டுட்டு இவங்க பின்னாடியே அலையுறாரா?"

அன்றைக்குத்தான் எங்களுக்கு ஏதோ பிடிபட ஆரம்பித்தது. தோட்டத்தில் மனுஷனோடு உலாவினவர். அவர்கள் ஒளிந்துகொண்டதும், எங்கே இருக்கிறாய் என்று கேட்டவர். பிறகு கூடாரம். பிறகு கல்லால் கட்டின ஆலயம். அது எரிந்து ஜனங்கள் சிறைப்பட்டுப் போனபோது அங்கேயும் ஆள் அனுப்பி, திரும்பி வாங்க என்று கூப்பிட்டவர். பிறகு ஒரு பெண்ணின் வயிற்றில் வந்து பிறந்தார். கடைசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒரு நகரம் இறங்கி வருகிறது. அங்கே ஆண்டவர் மனுஷரோடேயே குடியிருந்து, அவர்கள் கண்ணீரைத் துடைக்கிறார். மாதக்கணக்கில் வாசித்து அங்கே வந்து சேர்ந்தபோது நான் புத்தகத்தை மூடவில்லை. மடியில் திறந்தபடியே வைத்திருந்தேன். கண் எரிந்தது. ஜாக்கெட் துணியை வெட்டிப் போட்டால், தைக்கத் தெரியாதவர்களுக்கு அது வெறும் துண்டுகள். நாங்கள் இத்தனை காலமும் வேதத்தில் அழகான துண்டாகப் பார்த்துப் பொறுக்கிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தோம்.

"அவரு மொதல்லேர்ந்து ஒரே வேலையத்தான் பாக்குறாருக்கா" என்றான் தம்பி. "நம்மகூட வந்து குடியிருக்கிற வேலை. நடுவுல நடுவுல ஆளுங்க செத்துக்கிட்டேதான் இருக்காங்க. வேலை நிக்கல. எங்க ஆலையிலயும் அப்படித்தான். ஷிப்டு முடிஞ்சா ஆளு வூட்டுக்குப் போயிருவான். சூளைய அணைக்க மாட்டாங்க."

நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். அவன் விடவில்லை.

"நான் செத்துருவேன்க்கா. உனக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். அதுக்குக்கூடப் பயமில்ல. நான் செத்தா அம்மா சாமிய வுட்டுரும். அதுதான் பயமா இருக்கு."

அவன் சொன்னது உண்மை. அப்பா செத்தபோது, சித்தப்பா மகன் லாரியில் அடிபட்டபோது, அம்மாவைத் தூக்கி நிறுத்தியது ஜெபம் ஒன்றுதான். வேறு எந்த ஊன்றுகோலும் அவளுக்குக் கிடையாது. இப்போது அந்த ஜெபம் முழுவதையும் கொண்டுபோய் ஒரு அட்டையில் கட்டி வைத்திருந்தாள். அட்டை வீட்டுச் சுவரில் சபைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. காலையில் எழுந்ததும் அதில் கை வைத்து, பிறகு தம்பி நெற்றியில் கை வைப்பாள். அவன் "நான் போயிட்டா" என்று ஆரம்பித்தாலே வாயைப் பொத்திவிடுவாள். "அப்படி அறிக்கை பண்ணாத. அது பிசாசு பேசுற பேச்சு." சபையிலும் அதே கதை. மாதாமாதம் அவனைச் சாட்சி சொல்ல எழுப்புவார்கள். சுகமாகிக்கொண்டு வருகிறேன் என்று அவன் சொல்ல வேண்டும். மூச்சு வாங்க நின்று சொல்லுவான். கைதட்டுவார்கள். எனக்குக் கோபம் கோபமாக வரும். கெட்ட மனுஷர் ஒருவரும் இல்லை அங்கே. எல்லாரும் எங்களுக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்தவர்கள்தான். ஆனால் செத்துக்கொண்டிருக்கிற ஒருத்தனை, ஆண்டவருடைய பேரைக் காப்பாற்று என்று நிற்க வைத்திருந்தார்கள்.

அட்டையில் இருந்த வசனத்தின் சங்கீதம் முழுவதையும் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். அதே சங்கீதத்தில், சில வரி தள்ளி, வீடு கட்டுகிறவர்கள் வேண்டாம் என்று தள்ளிப்போட்டு, பிறகு மூலைக்குத் தலைக்கல்லாகிப்போன கல்லும் வருகிறது. யூதர்கள் பஸ்கா பண்டிகையில் பாடுகிற சங்கீதங்களில் அது ஒன்று என்றும், இயேசுவும் கடைசி ராத்திரி அதைப் பாடியிருப்பார் என்றும் பாஸ்டர் எப்போதோ பிரசங்கத்தில் சொன்னது நினைவுக்கு வந்தது. சாகமாட்டேன் என்று பாடிவிட்டுத்தான் போய்ச் செத்திருக்கிறார்.

"அப்ப அது எனக்குன்னு மட்டும் எழுதுன வசனம் இல்ல" என்றான் தம்பி. பிறகு, "அம்மாவுக்கும் படிச்சுக் காட்டணும்க்கா. எல்லாத்தையும்" என்றான்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆராதனை முடிந்து ரெட்டிபாளையம் வீட்டுக்குப் போனேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டு உட்காருவாள். தம்பி கட்டிலில். நான் வாசிப்பேன். அம்மாவுக்குக் கதை பிடித்தது. சாராளுக்குப் பிள்ளை பிறந்ததைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள். மோசேயை உள்ளே விடாததற்கு அவளுக்கு ஆண்டவர்மேல் வருத்தம். "அவ்வளவு பாடுபட்டவன. ஒரு எட்டு வுட்டிருக்கலாம்ல" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி, எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்று முன்னாடியே என்னிடம் சொல்லி வைத்திருந்தான். தேவதூதன் மரியாளிடம் வந்து, உனக்கு ஒரு பிள்ளை பிறப்பான், அவன் ராஜ்யத்துக்கு முடிவே இல்லை என்று சொல்கிற இடம். அடுத்து, ஆலயத்தில் வயசான ஒருவர் அந்தப் பிள்ளையைக் கையில் வாங்கி, தாயைப் பார்த்து, உன் ஆத்துமாவையும் ஒரு வாள் உருவிப்போகும் என்கிற இடம். அடுத்து நேரே சிலுவை. அதன் கீழே தாய் நிற்கிறாள். நடுவில் நிறுத்தாமல் வாசித்தேன்.

அம்மாவின் கை கீரையில் நின்றுவிட்டது.

"அந்த அம்மாவுக்கும் வாக்குத்தத்தம் குடுத்தாங்கதானம்மா?" என்றான் தம்பி. "அது பொய்யாப் போயிடல. ஆனா அங்க நிக்கயில அவங்களுக்கு அது தெரியாதுல்ல."

அம்மா அவனையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். "சோறு ஆறுது, வாங்க" என்று அங்கிருந்தே சொன்னாள். நான் கிளம்பும்போது அவள் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவளுடைய கைப்பிடியைப் பிடுங்கிவிட்டோம் என்று தோன்றியது. பதிலுக்கு எதைக் கொடுத்தோம்?

அதற்குப் பிறகு அவனுக்கு மிஷின் ஒத்துக்கொள்ளவில்லை. பாதியிலேயே பிரஷர் இறங்கிவிடும். ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். அம்மா பெரம்பலூருக்கு வந்துவிட்டாள். ஒரு மத்தியானம் நான் இட்லி வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது, அவள் கட்டில் ஓரம் உட்கார்ந்து அவன் காலை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"பயமா இருக்காடா?" என்று கேட்டாள்.

அந்த ஒரு கேள்விக்காக அவன் எவ்வளவு காலம் காத்திருந்தான் என்று எனக்குத்தான் தெரியும். சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். "போறதுக்குப் பயமில்லம்மா. நீ அவர வுட்டுருவியோன்னுதான்" என்றான்.

விடமாட்டேன் என்று சொல்லிவிடு அம்மா, பொய்யாகவாவது சொல்லிவிடு என்று என் மனசு அடித்துக்கொண்டது. அவள் சொல்லவில்லை. காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். அந்த வாரத்திலேயே, காலை வெயில் ஜன்னலில் ஏறுகிற நேரத்தில், அவன் போய்விட்டான்.

ரெட்டிபாளையத்துக்குக் கொண்டுபோனோம். அடக்க ஆராதனையில் பாஸ்டர் அழுதுவிட்டார். பேச்சு வரவில்லை அவருக்கு. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. ஆனால் பின்னால் நின்ற ஒரு அம்மாள், பெற்றவளுக்கு விசுவாசம் பத்தவில்லை, இல்லாவிட்டால் வாக்குத்தத்தம் பலிக்காமல் போகுமா என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. நான் திரும்பி, "வாய மூடிக்கிட்டு இருக்கறதுன்னா இருங்க, இல்லன்னா வூட்டுக்குப் போங்க" என்றேன். சாவு வீட்டில் இப்படிப் பேசினாள் என்று இன்றைக்கும் சொல்லுகிறார்கள். சொல்லட்டும்.

எங்கள் பக்கத்தில் யார் இறந்தாலும் மூன்றாம் நாள் புதைத்த இடத்துக்குப் பால் தெளிக்கப் போவார்கள். வேதக்காரர்கள் நாங்கள் பால் தெளிப்பதில்லை. அதற்காகப் போகாமலும் இருப்பதில்லை. மெழுகுவர்த்தி கொளுத்தி, ஒரு பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணிவிட்டு வருவோம். அன்றைக்கும் அப்படியே நடந்தது. எல்லாரும் கலைந்த பிறகும் அம்மா எழுந்திருக்கவில்லை. அடக்கமானதிலிருந்து அவள் ஒரு ஜெபத்துக்கும் கண்ணை மூடவில்லை என்பதைக் கவனித்திருந்தேன். அட்டையைச் சுவரிலிருந்து அவளே உரித்து எங்கேயோ போட்டிருந்தாள். தம்பி பயந்தது நடந்துவிட்டது என்றே நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். புதுமண்ணின்மேல் அதற்குள் சிமெண்ட்டுத் தூசி படிந்திருந்தது.

"சிலுவைகிட்ட நின்ன அந்த அம்மாவுக்கு மூணாம் நாளே புள்ள திரும்பக் கெடச்சிட்டான்" என்றாள் அம்மா. "எனக்கு?"

"நம்ம தம்பியும் எழுந்திருப்பாம்மா. கடைசியில."

"அது எப்ப?"

"தெரியாதும்மா."

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரு இன்னும் வேலைய முடிக்கலன்னு உன் தம்பி ஆஸ்பத்திரியில எங்கிட்டயும் சொன்னான்" என்றாள். "சரி, முடிக்கட்டும். நான் எங்கயும் போயிடல. இங்கனதான் இருப்பேன். ஆனா கோவமாத்தான் இருப்பேன். இப்ப அவருகிட்ட நான் பேசுறதா இல்ல. நீ பேசுறல்ல, நீயே சொல்லிடு."

"என்னன்னும்மா சொல்ல?"

"இதைத்தான். நீ எடுத்துக்கிட்ட புள்ளையோட ஆத்தா கோவமா இருக்கான்னு சொல்லு."

நான் அங்கேயே கண்ணை மூடி, அவள் சொன்னதை அப்படியே சத்தமாகச் சொன்னேன். ஆண்டவரே, அம்மா உம்மேல் கோபமாக இருக்கிறாள், உம்மோடு பேசமாட்டாளாம், ஆனால் எங்கேயும் போகவில்லையாம். அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை. அழுகைதான் வந்தது. நான் முடிக்கிறேனா இல்லையா என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அம்மாவே "ஆமென்" என்றாள்.